வழக்கின் விலையை யார் கொடுப்பது?

ஜப்பானியர்கள் நீதிமன்றப் படியேற விரும்பாதவர்கள் என்று உலகம் நெடுங்காலம் நம்பியது. சட்ட அறிஞர் கவாஷிமா தகெயோஷி 1963இல் எழுதிய கட்டுரை அந்த நம்பிக்கைக்கு வலுச் சேர்த்தது. ஊரோடு ஒத்துப்போவதைப் பெரிதாக நினைக்கும் மக்கள் உரிமை கேட்டு எதிரெதிரே நிற்பதைக் கௌரவக் குறைவாக எண்ணுகிறார்கள். அதனால்தான் அங்கே வழக்குகள் குறைவு என்பது அதன் சாரம். பண்பாடுதான் காரணம் என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் யாரும் கேள்வி கேட்பதில்லை.

1993இல் நடந்த ஒன்று அந்தக் கதையை அசைத்துப் பார்த்தது. ஒரு நிறுவனத்தின் இயக்குநர்கள் தவறு செய்து நிறுவனத்துக்கு நட்டம் உண்டாக்கினால், பங்குதாரர் ஒருவர் நிறுவனத்துக்காக அவர்கள்மீது வழக்குத் தொடரலாம். ஜப்பானில் இந்த உரிமை 1950 முதல் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் அடுத்த நாற்பது ஆண்டுகளில் இப்படிப் போடப்பட்ட வழக்குகள் 20ஐக்கூடத் தாண்டவில்லை. ஜப்பானில் நீதிமன்றக் கட்டணம் கேட்கும் தொகைக்கு ஏற்ப ஏறும். நிக்கோ செக்யூரிட்டீஸ் என்ற பங்குத்தரகு நிறுவனத்தின் இயக்குநர்களிடம் சுமார் 4,700 கோடி யென் கேட்டு வழக்குப் போட வந்தவர்களுக்குக் கணக்குப் பார்த்தபோது, ஸ்டாம்ப் கட்டணமே 23 கோடி யென்னுக்கு மேல் போயிற்று. வென்றாலும் பணம் நிறுவனத்துக்குத்தான். வழக்குப் போட்டவர் கைக்கு நேராக ஒன்றும் வராது. இந்த நிலையில் யார் வழக்குப் போடுவார்?

டோக்கியோ உயர் நீதிமன்றம் அந்த ஆண்டு ஒரு முடிவு சொன்னது. வழக்குப் போட்டவர் தனக்காக எதுவும் கேட்கவில்லை. ஆகவே இதை மதிப்பிட முடியாத வழக்காக எடுத்துக்கொண்டு 8,200 யென் மட்டும் கட்டினால் போதும். அதே ஆண்டில் நாடாளுமன்றமும் அதைச் சட்டமாக்கியது. சில ஆண்டுகளுக்குள் நிலுவையில் இருந்த பங்குதாரர் வழக்குகள் நூற்றைத் தாண்டின. 2000ஆம் ஆண்டில் ஒசாகா மாவட்ட நீதிமன்றம் தாய்வா வங்கியின் 11 இயக்குநர்களும் முன்னாள் இயக்குநர்களும் 77.5 கோடி டாலர் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. பிறகு மேல்முறையீட்டில் மிகச் சிறிய தொகைக்குச் சமரசம் ஆனது என்றாலும், ஜப்பானின் நிர்வாகக் குழுக்கள் அந்தத் தீர்ப்பை மறக்கவில்லை. சில ஆண்டுகளில் ஒரு நாட்டின் பண்பாடு மாறிவிடாது. மாறியது ஸ்டாம்ப் கட்டணம்.

இதை 1978இலேயே ஜான் ஹேலி என்ற அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் சொல்லிவிட்டார். நீதிபதிகள் குறைவு, வழக்கறிஞர்கள் குறைவு, தேர்வில் ஆண்டுக்குச் சுமார் 500 பேரைத்தான் தேறவிடுகிறார்கள், வழக்கு இழுக்கிறது, செலவு கூடுகிறது. மனிதர்கள் விலகி நிற்பதற்கு இவையே போதும் என்பது அவர் வாதம். 1989இல் மார்க் ராம்சேயரும் நகாசாதோ மினோருவும் இன்னொரு பக்கத்தைக் காட்டினார்கள். சாலை விபத்தில் இறந்தவர்களின் குடும்பங்கள் நீதிமன்றம் போகாமல் வாங்கிய இழப்பீடு எவ்வளவு என்று பார்த்தார்கள். நீதிமன்றம் போயிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய தொகைக்கு அது அருகிலேயே இருந்தது. ஜப்பானிய நீதிமன்றங்கள் விபத்து இழப்பீட்டைக் கிட்டத்தட்ட அட்டவணை போட்டுத் தீர்ப்பதால், எவ்வளவு வரும் என்று இருதரப்புக்கும் முன்கூட்டியே தெரியும். தெரிந்த பிறகு சண்டை எதற்கு? அந்தக் குடும்பங்கள் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை. உரிமைக்கான பணத்தை வழக்குச் செலவில்லாமல் வாங்கிக்கொண்டார்கள்.

வழக்கின் பொருளாதாரத்தில் என்னை மிகவும் வியக்க வைப்பது இந்த இடம்தான். தீர்ப்பு எவ்வளவு தெளிவாக ஊகிக்கக்கூடியதாக இருக்கிறதோ, அவ்வளவுக்குத் தீர்ப்பே தேவைப்படாமல் போகிறது. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். பத்து லட்ச ரூபாய்க்கு ஒரு தகராறு. வாதி ஜெயிக்க நூற்றுக்கு அறுபது வாய்ப்பு என்று இருவருமே நினைக்கிறார்கள். வழக்கு நடத்த ஆளுக்கு ஒரு லட்சம் ஆகும். வாதியின் கணக்கில் வழக்கின் மதிப்பு ஆறு லட்சம், செலவு போக ஐந்து. பிரதிவாதிக்கு எதிர்பார்க்கும் நட்டம் ஆறு, செலவோடு ஏழு. ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவில் எந்தத் தொகைக்குப் பேசி முடித்தாலும் இருவருக்கும் லாபம். இனி வாதி தன் வாய்ப்பு எண்பது என்று நம்புகிறார், பிரதிவாதியோ அவருக்கு நாற்பதுதான் என்று நம்புகிறார் என வைத்துக்கொள்ளுங்கள். வாதி ஏழு லட்சத்துக்குக் கீழே இறங்கமாட்டார். பிரதிவாதி ஐந்துக்கு மேல் ஏறமாட்டார். பேச்சு முறிகிறது. 1970களில் வில்லியம் லேண்டஸ், ரிச்சர்ட் போஸ்னர் போன்றவர்கள் இந்தக் கணக்கை எழுதிவைத்தார்கள். வழக்குகள் விசாரணைவரை போவதற்குக் கோபத்தைவிடப் பெரிய காரணம், இருதரப்பும் தாங்களே ஜெயிப்போம் என்று நம்புவது.

அந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறது? 1990களில் ஜார்ஜ் லோவன்ஸ்டீன், லிண்டா பாப்காக், காலின் கேமரர், சாமுவேல் இசாக்கரோஃப் ஆகியோர் ஒரு சோதனை செய்தார்கள். டெக்சாஸில் நடந்த ஒரு மோட்டார் சைக்கிள் விபத்து வழக்கின் கட்டைச் சிலரிடம் கொடுத்தார்கள். ஒருவர் வாதி, ஒருவர் பிரதிவாதி. இழப்பீடு பேசி முடிக்க வேண்டும்; முடியாவிட்டால் ஒரு நீதிபதி ஏற்கெனவே சொல்லிவைத்த தொகை செல்லும், செலவும் தலையில் விழும். இருவரிடமும் இருப்பது அதே காகிதங்கள். ஆனாலும் நீதிபதி எவ்வளவு சொல்லியிருப்பார் என்று கேட்டபோது, வாதியாக உட்கார்ந்தவர்கள் சொன்ன தொகை பிரதிவாதிகள் சொன்னதைவிடச் சராசரியாகச் சுமார் 14,500 டாலர் கூடுதலாக இருந்தது. கேட்கப்பட்ட இழப்பீடே ஒரு லட்சம் டாலர்தான். பிறகு சோதனையில் ஒன்றை மட்டும் மாற்றினார்கள். கட்டைப் படித்து முடித்த பிறகுதான் யார் வாதி, யார் பிரதிவாதி என்று சொன்னார்கள். முதல் முறையில் நூற்றுக்கு 72 இணைகள் பேசி முடித்தன. இரண்டாம் முறையில் 94. பக்கத்தைத் தெரிந்துகொண்டு படிக்கும்போதே கண் தனக்குச் சாதகமான வரிகளைப் பொறுக்கத் தொடங்கிவிடுகிறது. அதன் பிறகு அறிவுரை சொல்லி அதை மாற்றுவது கடினம்.

இந்த மனித இயல்பின்மேல்தான் ஒவ்வொரு நாடும் தன் செலவு விதியைக் கட்டியிருக்கிறது. அமெரிக்காவில் அவரவர் வக்கீல் கட்டணத்தை அவரவர் கொடுக்க வேண்டும். ஜெயித்தாலும் திரும்ப வராது. 1796இலேயே அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இப்படிச் சொல்லிவிட்டது. கையில் காசில்லாதவன் எப்படி வழக்குப் போடுவான் என்ற கேள்விக்கு அங்கே கிடைத்த பதில், ஜெயித்தால் மட்டும் கட்டணம் வாங்கும் வக்கீல். விபத்து வழக்குகளில் அது பெரும்பாலும் கிடைத்த தொகையில் மூன்றில் ஒரு பங்கு. தோற்கப்போகும் வழக்கை அந்த வக்கீலே எடுக்கமாட்டார் என்பதால், அவர் ஒருவகையில் நீதிமன்ற வாசலிலேயே நிற்கும் சல்லடை. இங்கிலாந்தில் தோற்றவர் ஜெயித்தவரின் செலவையும் தர வேண்டும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கொஞ்சம் யோசித்தால் அதன் மறுபக்கம் தெரியும். இரண்டு பேரும் ஜெயிப்போம் என்று நம்பினால், செலவை எதிராளி கொடுப்பான் என்றும் இரண்டு பேரும் நம்புவார்கள். செலவு செய்யத் தயங்க வேண்டிய இடத்தில் கை தாராளமாகிவிடும்.

ஃப்ளோரிடா மாநிலம் இதைப் பட்டறிந்தது. மருத்துவத் தவறு வழக்குகள் பெருகிவிட்டன என்று அங்குள்ள மருத்துவர் சங்கம் வற்புறுத்த, 1980இல் அந்த வழக்குகளுக்கு மட்டும் தோற்றவர் செலவு கொடுக்கும் விதியைக் கொண்டுவந்தார்கள். வலுவில்லாத வழக்குகள் பல நடுவிலேயே கைவிடப்பட்டன. அதுவரை எண்ணியது நடந்தது. மிஞ்சியவை வலுவான வழக்குகள். அவற்றில் நோயாளிகள் கூடுதலாக ஜெயித்தார்கள், கிடைத்த தொகையும் ஏறியது. தோற்ற நோயாளியிடம் வசூலிக்கப் பெரும்பாலும் ஒன்றும் இருக்கவில்லை. தோற்ற மருத்துவரோ, இழப்பீட்டோடு எதிர்த்தரப்பு வக்கீலின் பெரிய கட்டணத்தையும் கொடுக்க வேண்டியிருந்தது. 1985இல் அந்த விதியை நீக்கச் சொல்லி நின்றதும் அதே மருத்துவர் சங்கம்தான். ஜேம்ஸ் ஹியூஸ், எட்வர்ட் ஸ்னைடர் என்ற பொருளாதார அறிஞர்கள் பிறகு அந்த ஆயிரக்கணக்கான கோரிக்கைகளை ஆராய்ந்து இந்தப் படத்தை வரைந்தார்கள். ஒரு விதியை யார் கேட்டு வாங்குகிறார்களோ அவர்களுக்கே அது உதவும் என்று சொல்லிவிட முடியாது.

ஜெர்மனி இரண்டு பாதையிலும் போகவில்லை. அங்கும் தோற்றவர்தான் கொடுக்க வேண்டும். ஆனால் எவ்வளவு என்பது தகராறின் மதிப்பை வைத்துச் சட்டத்தின் அட்டவணையில் அச்சிடப்பட்டிருக்கிறது. நீதிமன்றக் கட்டணம், இருதரப்பு வக்கீல்களின் கட்டணம் இரண்டுக்கும் அட்டவணை உண்டு. எதிராளி எவ்வளவு பெரிய வக்கீலை வைத்தாலும் தோற்றவர் தலையில் அட்டவணைத் தொகைதான் விழும். வழக்குப் போடும் முன்பே, தோற்றால் இவ்வளவு என்று ஒரு காகிதத்தில் கூட்டிப் பார்த்துவிடலாம். அளவு தெரிந்த ஆபத்துக்குக் காப்பீடு எளிது. அதனால் ஜெர்மன் குடும்பங்களில் ஏறக்குறையப் பாதி வழக்குச் செலவுக் காப்பீடு வைத்திருக்கின்றன. சாட்சிகளை விசாரிப்பதும் வழக்கை எந்தக் கேள்வியில் குவிப்பது என்று முடிவுசெய்வதும் அங்கே நீதிபதியின் வேலை. வக்கீல்கள் மாதக்கணக்கில் ஆவணங்களைத் தோண்டுவதில்லை. அதற்குத் தகுந்தாற்போல் நாடு நீதிபதிகளுக்குச் செலவழிக்கிறது. எட்டுக் கோடி மக்களுக்கு 20,000க்கும் மேற்பட்ட நீதிபதிகள். உலக வங்கியின் 2020ஆம் ஆண்டு மதிப்பீட்டில், ஓர் ஒப்பந்தத் தகராறை நடத்தி முடிக்க ஜெர்மனியில் ஆகும் செலவு கேட்கும் தொகையில் 14.4 விழுக்காடு. இங்கிலாந்தில் 45.7.

நீதிபதிக்குக் கூலி யார் தருவது என்பது இதைவிடப் பழைய கேள்வி. ஏதென்ஸில் நடுவர்களாக அமர்ந்த குடிமக்களுக்கு அரசு நாளுக்கு மூன்று ஓபோல் கொடுத்தது. வேண்டாத வழக்கைத் தடுக்க அங்கே ஒரு வழி வைத்திருந்தார்கள். பொது வழக்குத் தொடுத்தவருக்கு ஐந்தில் ஒரு பங்கு வாக்குகூட விழவில்லை என்றால் அவர் ஆயிரம் திராக்மா தண்டம் கட்ட வேண்டும். பிரான்ஸில் வழக்காடுபவர்கள் முதலில் நறுமணப் பொருள்களும் இனிப்புகளும் நீதிபதிகளுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார்கள். பின்னர் அது கட்டாயப் பணமாக இறுகிப் புரட்சிவரை நீடித்தது. 1790இன் சட்டம்தான் அதை ஒழித்தது.

இங்கிலாந்தின் கதை இன்னும் சுவையானது. மன்னர் மன்றம், பொது வழக்கு மன்றம், கருவூல மன்றம் என்று மூன்று நீதிமன்றங்கள். நீதிபதிகளின் வருமானத்தில் ஒரு பங்கு வழக்குக் கட்டணத்திலிருந்து வந்தது. ஆகவே வழக்குகளை இழுக்கப் போட்டி. கடன் வழக்கு விசாரிக்க மன்னர் மன்றத்துக்கு அதிகாரம் இல்லை. மிடில்செக்ஸில் பிரதிவாதி அத்துமீறினார் என்று ஒரு பொய்க் குற்றச்சாட்டை எழுதி, அவரைக் காவலில் எடுத்ததாகக் காட்டி, பிறகு கடனை விசாரித்தார்கள். கருவூல மன்றத்திலோ, "இவர் எனக்குக் கொடுக்காததால் நான் மன்னருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்க முடியவில்லை" என்று வாதி எழுதினால் போதும்; அது மெய்யா என்று யாரும் கேட்கமாட்டார்கள். ஆடம் ஸ்மித் 1776இல் இந்தப் போட்டியைப் பாராட்டினார். இங்கிலாந்து நீதிமன்றங்கள் வேகமாகவும் நடுநிலையாகவும் இயங்கியதற்கு இதுவும் காரணம் என்றார். அவர் கவனிக்காத ஒன்றை டேனியல் கிளெர்மன் என்ற சட்ட வரலாற்றறிஞர் 2007இல் எடுத்துக் காட்டினார். எந்த மன்றத்துக்குப் போவது என்று தேர்ந்தெடுப்பவர் வாதி. பிரதிவாதிக்கு அந்தத் தேர்வு இல்லை. ஆகவே போட்டியிடும் மன்றங்கள் வாதியின் பக்கம் சாய்ந்தன.

சம்பளம் வாங்கும் நீதிபதிகளின் காலத்திலும் இந்தச் சாய்வு தலைகாட்டும். 2015இல் அமெரிக்கக் காப்புரிமை வழக்குகளில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் கிழக்கு டெக்சாஸ் மாவட்டம் ஒன்றிலேயே குவிந்தன. அங்குள்ள மார்ஷல் என்ற சிற்றூரில், நீதிமன்றத்துக்கு எதிரே பனிச்சறுக்குத் தளம் அமைக்கச் சாம்சங் நிறுவனம் பணம் கொடுத்தது. 2017இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று வந்த பிறகே அந்தக் குவிப்பு தளர்ந்தது.

நம் நாட்டுக்கு வருவோம். வங்காளத்தில் கம்பெனி ஆட்சி 1795ஆம் ஆண்டு ஒழுங்குவிதி மூலம் நீதிமன்றக் கட்டணத்தைப் பரவலாக விதித்தது. ஆதாரமில்லாத வழக்குகளைத் தடுப்பதற்கு என்பது சொல்லப்பட்ட காரணம். அதே 1795இல் லண்டனில் ஜெரமி பெந்தம், வழக்கின்மேல் வரி போடுவதைக் கண்டித்து ஒரு நூல் வெளியிட்டார். துன்பத்தில் இருப்பவன் உதவி கேட்கும் நேரம் பார்த்து அவனிடம் வரி கேட்பது கொடுமை என்பது அவர் வாதம். பின்னாளில் மெக்காலேயும் அந்த வங்காள விதியின் முகவுரையைக் கடுமையாகத் தாக்கினார். கட்டணம் பொய் வழக்கை மட்டும் தேடிப் பிடித்துத் தடுக்காது, மெய் வழக்கையும் சேர்த்தே தடுக்கும் என்றார். கட்டணம் இன்றும் இருக்கிறது. தமிழ்நாட்டில் பண வழக்குகளுக்கு நூற்றுக்கு ஏழரை என்று இருந்தது 2017இல் மூன்றாகக் குறைந்தது.

ஆனால் நம் நாட்டில் வழக்கின் பெரிய விலை கோர்ட் ஃபீஸ் இல்லை, காலம். நாடு முழுவதும் ஐந்து கோடிக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் இருக்கின்றன. மேலே சொன்ன உலக வங்கி மதிப்பீட்டில், மும்பையிலும் டெல்லியிலும் ஓர் ஒப்பந்த வழக்கு முடிய ஆகும் காலம் 1,445 நாள். இந்தக் காலத்தின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்று பார்த்தால்தான் நம் முறையின் கோளாறு புரியும்.

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 34ஆவது பிரிவின்படி, வணிகம் சாராத கடனுக்குத் தீர்ப்பு வந்த நாளிலிருந்து ஆண்டுக்கு ஆறு விழுக்காட்டுக்கு மேல் வட்டி கொடுக்கச் சொல்ல முடியாது. 1956இலிருந்து இந்த உச்சவரம்பு இருக்கிறது. பத்து லட்சத்துக்குத் தீர்ப்பாகிறது. தோற்றவர் மேல்முறையீடு, தடை, வாய்தா என்று பத்து ஆண்டு இழுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கடைசியில் அவர் கொடுக்க வேண்டியது 16 லட்சம். அந்தப் பத்து லட்சத்தை அவர் வெளியில் 12 விழுக்காடு கூட்டுவட்டிக்குக் கடன் வாங்கியிருந்தால், பத்து ஆண்டில் அது 31 லட்சமாகியிருக்கும். இழுப்பதால் அவருக்கு 15 லட்சம் மிச்சம். அவர் கெட்டவராக இருக்க வேண்டிய தேவையே இல்லை. கணக்குத் தெரிந்தவராக இருந்தால் போதும். ஜெயித்தவர் தன் பணத்தைத் தோற்றவருக்கே மலிவு வட்டிக்குக் கடன் கொடுத்துக்கொண்டிருக்கிறார். அதன் பிறகும் கையில் இருப்பது தீர்ப்பின் நகல்தான். பணம் வாங்க நிறைவேற்று மனு போட வேண்டும். அந்த மனுக்களை ஆறு மாதத்துக்குள் முடியுங்கள் என்று உச்ச நீதிமன்றம் 2021இல் கட்டளையிட வேண்டியிருந்தது.

செலவு விதியிலும் நாம் வினோதமான இடத்தில் நிற்கிறோம். அதே உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 35ஆவது பிரிவு, தோற்றவர் செலவைத் தர வேண்டும் என்ற இங்கிலாந்து வழியைச் சொல்கிறது. நடைமுறையில் தீர்ப்போடு வரும் செலவுத்தொகை வக்கீலுக்குக் கொடுத்ததில் ஒரு சிறு பகுதியைக்கூட ஈடுகட்டுவதில்லை. தெரிந்தே பொய் வழக்கோ பொய் வாதமோ செய்தவரிடம் 35ஏ பிரிவின்கீழ் வாங்கக்கூடிய இழப்பீட்டின் உச்சவரம்பு 3,000 ரூபாய். 1976இல் வைத்த எண். வினோத் சேத் வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றமே இந்த ஏற்பாடு பயனற்றுக் கிடக்கிறது என்று வருந்தியது. 2015இன் வணிக நீதிமன்றச் சட்டம் குறிப்பிட்ட மதிப்புக்கு மேற்பட்ட வணிக வழக்குகளுக்கு மட்டும் இதைச் சரிசெய்தது. ஆக, சாதாரண வழக்காடிக்கு அமெரிக்கா போல அவரவர் செலவு அவரவருக்கு. ஆனால் அமெரிக்க ஏழைக்கு இருக்கும் அந்த மூன்றில் ஒரு பங்கு வக்கீல் இங்கே இல்லை. வழக்கறிஞர் மன்ற விதிகள் அதைத் தடுக்கின்றன. ஜெர்மானியருக்கு உள்ள அட்டவணைப் பாதுகாப்பும் இல்லை. மூன்று மரபுகளிலும் எது வலிக்குமோ அது மட்டும் நம் பங்குக்கு வந்திருக்கிறது. இதில் வழக்கு வெறி என்று மக்களைக் குறைசொல்வதை நான் ஏற்கவில்லை. தீர்ப்பை ஊகிக்க முடியாமலும், இழுப்பவனுக்கு லாபமாகவும் வைத்துவிட்டு, பேசி முடித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னால் யார் கேட்பார்கள்?

நீதிபதிகளைப் பெருக்கப் பணமும் ஆண்டுகளும் வேண்டும். பத்து லட்சம் பேருக்கு 50 நீதிபதிகள் வேண்டும் என்று சட்ட ஆணையம் 1987இல் சொன்னது. இன்றும் அதில் பாதியைக்கூட எட்டவில்லை. ஆனால் ஆறு விழுக்காடு என்ற எண்ணையும் 3,000 ரூபாய் என்ற எண்ணையும் மாற்றக் கட்டடம் வேண்டாம், ஆள் வேண்டாம்; நாடாளுமன்றத்தில் ஒரே ஒரு திருத்தம் போதும். தீர்ப்புக்குப் பிந்திய வட்டி வங்கிக் கடன் வட்டிக்கு மேலே நிற்க வேண்டும். பொய் வழக்கின் தண்டம், வழக்கால் வந்த நட்டத்துக்கு நிகராக இருக்க வேண்டும். வழக்கறிஞர் சங்கங்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் இதைக் கையில் எடுக்க வேண்டும்.

அதுவரை, தமிழ்நாட்டில் வழக்கில் இருப்பவர்கள் ஒன்றை அறிந்துவைத்துக்கொள்ளலாம். வழக்கு சமரசத்தில் முடிந்தால், கட்டிய நீதிமன்றக் கட்டணம் முழுவதையும் தமிழ்நாட்டின் நீதிமன்றக் கட்டணச் சட்டத்தின் 69ஏ பிரிவின்கீழ் திரும்பப் பெறலாம். மக்கள் நீதிமன்றத்துக்குப் போகாமல் இருதரப்பும் தாங்களாகவே வெளியில் பேசி முடித்தாலும் இந்த உரிமை உண்டு என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்திருக்கிறது.